தற்காலிக அடைப்பு

முதல் வரைவில் "போகிறார்" என்று எழுதினேன்.
திருமதி பெட்ரி சிவப்புப் பேனாவால் அடித்தாள்:
"செத்துப்போகிறார் என்றல்லவா படிப்பார்கள், ரூபி."
இரண்டாவதில் "விலகுகிறார்".
ஏதோ தப்பில் மாட்டிக்கொண்டவர் போலிருந்தது.
மூன்றாவதில் "விடைபெறுகிறார்".
அதற்கு, யாராவது விடை கொடுத்திருக்க வேண்டும்.

கடைசியில் காப்பீட்டுக்காரர்களுக்கும் பிடித்த வரி:
"டாக்டர் ஹால்க்ரோ அக்டோபர் முப்பத்தொன்றுக்குப் பின்
இங்கே சிகிச்சை அளிக்கமாட்டார்."
பல்லில்லாத வரி.
யாரையும் கடிக்காது.

ஆயிரத்து முந்நூற்று எண்பது உறைகள்.
பாதி லெர்விக்குக்குள்ளேயே.
மீதி, படகேறி யெல் தீவுக்கு,
அங்கே இறங்கி
இன்னொரு படகேறி உன்ஸ்டுக்கு.
நாக்கால் நனைத்து ஒட்டுகிற உறைகள்,
மலிவாகக் கிடைத்ததாம்.
நாற்பதாவதில் என் நாக்கு மரத்துவிட்டது,
ஊசி போட்ட மாதிரி.

ஏன் போகிறார் என்பது கடிதத்தில் இல்லை.
கருவிகளை வேகவைக்கும் சிற்றறையில்
கையுறையைக் கழற்றாமலே என்னிடம் சொன்னார்:
"இருபத்திரண்டு வருஷம்.
ஒருத்தர்கூட என்னைப் பார்க்கச்
சந்தோஷமாக வந்ததில்லை."
நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
இயந்திரம் மணியடித்தது,
தட்டை எடுக்கப் போய்விட்டேன்.

அபெர்டீனுக்குக் கப்பல். அதற்கப்பால்
தங்கை வீட்டருகே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை.
பஞ்சரான டயர்
நம்மைப் பார்த்து நடுங்காது என்றார்.

செவ்வாய், எட்டு மணிக்கே போன்.
நண்டுப் படகிலிருந்து லௌரி இங்க்ஸ்டர்:
"வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறதே,
தற்காலிகமாக அடைத்தது எத்தனை நாள் தாங்கும்?"
ஆறு வாரம்.
"புது டாக்டர்?"
தேடுகிறோம்.
கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
"சரி, மறுபக்கத்தால் மெல்லுகிறேன்."

ஏழு வயது ஃப்ரேயா மௌவட்
அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.
"மூணு எண்ணுவேன்னு சொல்லிட்டு
ரெண்டிலேயே பிடுங்கிடுவார்.
எனக்குத் தெரியும்.
தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பேன்.
புதுசா வர்றவங்ககிட்ட
இதை யார் சொல்றது?"

ஒன்பது வருஷமாக வராத ஒருத்தி அழுதாள்.
"வரவேண்டும் என்றுதான் இருந்தேன்," என்றாள்,
"அவரிடம் என்றால்."
பெயர் கேட்டேன். வைத்துவிட்டாள்.

வியாழனன்று ஓர் உறை திரும்பி வந்தது.
பார்பரா கௌடி.
பிப்ரவரியிலேயே இறந்துபோனவர்,
எங்கள் கணினிக்கு மட்டும் சேதி எட்டவில்லை.
உறையின் முதுகில் மகனின் கையெழுத்து:
"அம்மாவின் மேல்வரிசைப் பல்செட் அவர் செய்தது.
அதோடுதான் புதைத்தோம்.
கடைசிவரை நன்றாகப் பொருந்தியது என்று
அவரிடம் சொல்லுங்கள்."

கொண்டுபோய்க் கொடுத்தேன்.
நின்றபடி படித்தார்.
மடித்தார். கோட்டுப் பையில் பேனா இருந்தது,
அதை எடுத்துவிட்டு இதை வைத்தார்.
"அடுத்தவரை அனுப்பு."

என் வீட்டுக்கும் ஒன்று வந்திருந்தது.
அன்புள்ள செல்வி இஸ்பிஸ்டர்.
நானே எழுதி, நானே நக்கி ஒட்டியது.
கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று
முழுதும் படித்தேன், தெரியாதவள் போல.
இரண்டாம் வரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது,
ஆயிரத்து முந்நூற்று எண்பதிலும்.

மறுநாள் பதிவேட்டில்
அக்டோபர் முப்பத்தொன்று, மாலை நாலு நாற்பது,
கடைசிக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அன்று மழை சன்னலில் பக்கவாட்டாக அடித்தது.
சீப்பு எடுத்து வாரிக்கொண்டேன்.
நாற்காலியை அவர் மெல்லச் சாய்த்தார்.
"எங்கே வலிக்கிறது?"
எங்கேயும் இல்லை.
"பிறகு?"
நாற்காலி காலியாக இருந்தது, என்றேன்.

விளக்கை என் முகத்துக்குத் திருப்பி
கொஞ்ச நேரம் எதுவும் கேட்காமல் இருந்தார்.
"ஆ காட்டு."