எட்டாத கொக்கி

பதினாறு வருஷம் பாண்டு சுமந்த தலை இது.
தலைஞாயிறு கடைத்தெருவில் ஒரு மாடி,
திருத்துறைப்பூண்டியில் மருந்துக்கடை,
எவரெவர் வீட்டுக் கக்கூஸோ.
இன்று என்னை நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்கள்.
முதுகில் வாடகைக்கடை எண் எழுதிய நீல நாற்காலி.
"நீங்க பயனாளி" என்கிறான்
மொழிபெயர்க்க வந்த செமினரிப் பையன்.
பயனாளி சும்மா இருக்க வேண்டுமாம்.

பத்துப் பேர். வெயிலில் வெந்த கழுத்துகள்.
செங்கல்லை ஒவ்வொன்றாய்த் தூக்குகிறார்கள்,
தூங்கும் பிள்ளையை இடம் மாற்றுவது போல.
நான் ஒரு நடைக்குப் பன்னிரண்டு எடுப்பேன்.
கை அரித்தது.
நாலாவது வரி கோணல்.
கொத்தனார் சவரிநாதன் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து
"சூப்பர்" என்றார் அவர்களிடம்.
பூச்சில் மறைத்துவிடலாம் என்று
என்னிடம் கண்ணால் சொன்னார்.

கீழத்தெருவில் கேட்டார்கள்:
சிலுவை மாட்டணுமா, பேரை மாத்தணுமா?
என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.
காலையில் கண்மூடி ஏதோ முணுமுணுத்தார்கள்.
அந்த நேரத்துக்கு
நானும் காத்தவராயனை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நாற்காலியை விட்டு எழுந்து
முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டினேன்.
ஹன்னெக் என்று ஒருத்தி,
வாயில் நுழையாமல் தெருவுக்கே அன்னக்கா ஆனவள்,
தனக்கும் ஒரு பாண்டு வேண்டுமென்று குனிந்தாள்.
இரண்டு எட்டு. கலவை தோளில் வழிந்தது.
செமினரிப் பையனுக்கு அப்போது வேலையில்லை.

டீ நேரத்தில் கேட்டேன்,
"உங்க வீட்ல எத்தனை ரூம்?"
பையன் கேட்டுச் சொன்னான்:
அன்னக்காவுக்கு வீடு இல்லையாம்.
ஒரே அறை, வாடகை,
சம்பளத்தில் பாதி அதற்கே.
ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை.
இங்கே வர, சீட்டுக் கட்டுகிற மாதிரி
இரண்டு வருஷம் சேர்த்தாளாம்.
அவள் ஊரும் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிற ஊர்தானாம்,
கரை உடைந்தால் கதை முடிந்ததாம்.

டீ ஆறி ஆடை கட்டியது.
கேட்டிருக்க வேண்டாம்.
கஜா கூரையைப் பிய்த்துப்போன ராத்திரி
அரிச்சந்திரா ஆற்றுப் பாலத்தடியில்
பிள்ளையை மடியில் இறுக்கிக் கிடந்தபோதும்
எனக்கு இப்படிக் கூசவில்லை.
அவள் என் டம்ளரையும் சேர்த்துக் கழுவி வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் வேன் போனது.
ஃபிளெக்ஸில் பத்துப் பேர் சிரித்தார்கள்,
ஓரமாய் நானும், அதே நாற்காலியில்.
முதல் மழைக்கே வைரக்கண்ணு அதைக் கழற்றி
ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாக்கினான்.
நனையாமல் நிற்கின்றன ஆடுகள்.

ஜன்னல் மட்டும் அவர்கள் அளவு.
அன்னக்கா கை நீட்டிப் பென்சிலால் குறித்த உயரம்.
கொக்கி எனக்கு எட்டாது.
இறக்கி அடித்துத் தருகிறேன் என்றார் கொத்தனார்.
இருக்கட்டும் என்றேன்.

ஐப்பசிக் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளும்போது
பாண்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறுகிறேன்.
தலையில் இருந்தது காலடியில்.
எட்டுகிறது கொக்கி.
எட்டிப் பார்த்தால்
தண்ணீர் நிற்கும் நடவு,
வாய்க்கால் மேட்டில் ஒரு தார்ப்பாய்,
அதன் வாசலில்
என்னோடு சித்தாள் வேலைக்கு வருகிற பூங்காவனம்,
பட்டியலில் பேர் வந்ததா என்று
யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கொக்கியை மாட்டவில்லை நான்.