சனியின் குறுக்கே

மூன்று மாதமாய்ச் சனியின் குறுக்கே ஒரு கோடு.
வளையம் இல்லை, வளையத்தை எனக்குத் தெரியும்.
இது வளைந்த கறுப்பு.
கண்வில்லையைத் திருகினால்
கூடவே திரும்பும், வீம்புக்காரியைப்போல.

"ஊரே சனிப்பார்வை படாமலிருக்க
எள்விளக்கு ஏற்றுகிறது,
நீ காசு கொடுத்துப் பார்க்கிறாய்" என்பான் பூபாலன்.
காசு அதிகமில்லை. அடகுக்கடைத் தொலைநோக்கி.
விற்றவர் ஹில்கிரெஸ்ட் பக்கம்,
பிள்ளைகள் பெர்த்துக்குப் போன பின்
அவரும் போய்விட்டாராம்.

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
டிசம்பர் வியர்வை.
எட்டு முதல் பத்தரை வரை லோட்ஷெடிங்.
தெரு முழுக்க வசைபாடுகிறது.
நான் மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய அட்டவணையை
நல்ல நேரம் பார்ப்பதுபோல் பார்க்கிறேன்.

நெற்றியில் டார்ச்.
முகம் துடைக்கும் துணியில்
ரப்பர் விளிம்பு, திருகு வளையம்,
பிறகு கண்ணாடிகள், வழுக்கிக்கொண்டு, இரண்டு.
உள்ளே, குழாயின் இடுப்பில்,
ஓர் இமைமுடி.

என்னுடையதல்ல.
வைக்கோல் நிறம்.
வெளிச்சத்துக்கு எதிரே நின்றால்
எல்லார் முடியும் கறுப்புதான் போல.

இடுக்கியால் எடுத்தேன்.
எடுத்த கையோடு தும்மினேன்.
கண்ணாடிகள் உருண்டன.
எது முன், எது பின்,
எந்த முகம் எந்தப் பக்கம்
ஒரு பென்சில் குறிகூட இல்லை.

முதல் முறை பூட்டியபோது
சனி கொதித்துப் பொங்கிய பால்.
அடுத்த முறை நடுவில் கூர்மை,
ஓரத்து நட்சத்திரங்களுக்கெல்லாம்
மீன்குஞ்சுபோல் வால்.
அதோடு துணியில் ஒரு வளையம் மிச்சம்.
கறுப்பு, மெல்லியது, என் மோதிரத்தைவிடச் சிறியது.
மிஞ்சிய பாகத்தைப்போல
ஆளைக் குற்றம் சொல்லும் பொருள் வேறில்லை.

"புதுசு வாங்கிக்கலாம், விடு"
இருட்டிலிருந்து பூபாலன்.
மாதக் கடைசியில் சொல்கிறான்.

பகலில் நான் பல்செட் செய்கிறவள்.
டர்பன் முழுக்க
என் கடைவாய்ப் பற்கள் பன்னி சௌ மெல்கின்றன.
பத்து மணிக்குத்தான் உறைத்தது:
நான் இவற்றை வரிசையில் நிற்கும் ஆட்களைப்போல்
ஒன்றன் முதுகை மற்றொன்று பார்க்க வைத்திருந்தேன்.
இது வரிசை இல்லை, வாய்.
மேல்தாடையும் கீழ்த்தாடையும்
எதிரெதிர் பார்க்க வேண்டும். கடிதான் கணக்கு.

புடைப்பு புடைப்பைப் பார்க்க,
அதிகம் நெருங்கிவிடாமல்
இடையில் அந்த வளையம்.
திருகினேன். குலுக்கினேன்.
சத்தமில்லை.

முற்றத்துக்கு ஓடினால்
கெங்கன் வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால்
சனி இறங்கிவிட்டது.
பத்து இருபது.
மிச்சமிருந்த வானத்தில் பளிச்சென்று அகத்தியர்,
ஏறிக்கொண்டிருந்தார்.
சாய்ந்த பூமியைச் சமன்செய்யத்
தெற்கே வந்தவராம்.
இங்கே யார் வந்து
சமன்செய்ய வேண்டுமென்று தெரியவில்லை.
குழாயை அவர் பக்கம் திருப்பினேன்.

ஒரு புள்ளி.
ஊசியால் குத்தியதுபோல்.
கோடு இல்லை, வால் இல்லை.
மூச்சுப்பட்டு வில்லை மங்கியது,
தெளிந்தது,
அதே புள்ளி.
பூபாலனைக் கூப்பிட வாயெடுத்தேன்.

விளக்கு வந்துவிட்டது.
தெரு கைதட்டியது.
யார் வீட்டிலோ தொலைக்காட்சி
பாதி வாக்கியத்திலிருந்து பேசத் தொடங்கியது.

அந்த முடியை எறிய மனம் வரவில்லை.
பெர்த்தில் அந்த மனிதருக்கு
இதன் இடத்தில் வேறு முளைத்திருக்கும்.
செல்லோடேப் துண்டில் ஒற்றி எடுத்து
ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை மேல் ஒட்டினேன்.
கை போன இடத்தில்தான் ஒட்டினேன்.
காலையில் பால் எடுக்கப் போன பூபாலன் சிரிக்கிறான்:
வெள்ளி தப்பித்தது, ஞாயிறு தப்பித்தது,
சனியின் குறுக்கே ஒரு கோடு.