அரைச் சுற்று

மூன்று சிலிண்டர் வண்டி.
இரண்டு ப்ளக் வந்துவிட்டன, பால்பற்கள் மாதிரி.
மூன்றாவது
வரமாட்டேன் என்கிறது.

பெட்ரோல் மலிவென்று பாண்டிக்குப் போய்
டாங்க்கை நிரப்பித் திரும்பும்போது
முள்ளோடை தாண்டியதும் நொண்ட ஆரம்பித்தது.
மஞ்சக்குப்பம் வரை மிச்ச இரண்டில் வந்தேன்.
மிச்சம் பிடித்த நூற்றுச் சொச்சம்
துரு இளக்கும் எண்ணெய்க்கே போதவில்லை.

நேற்று சாயங்காலம் இடுக்கில் விட்டேன்.
காலையில் இன்னொரு தடவை.
என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டுக்
கை பொறுக்கிற சூட்டில் நிறுத்தினேன்.
இருபத்தொன்று சாக்கெட், நீட்டுக்கம்பி, ராட்செட்.
ராட்செட்டின் வாலில் ஒரு முழம் ஜி.ஐ. பைப்.

அசையவில்லை.

உப்புக்காற்று என்றேன்.
தேவனாம்பட்டினத்துக் கடலைத் திட்டினேன்.
பிறகு செம்மண்டலம் கமாலுதீனை.
போன் போட்டே கேட்டுவிட்டேன்:
"இறுக்கத் தெரியுது, அளவு தெரியல.
அலுமினியத் தலைன்னு ஞாபகம் வேணாமா?"
அந்தப் பக்கம் ஏதோ கம்ப்ரஸர் ஓடி நின்றது.
"நான் ஆயில்தான் மாத்தினேன் சார்."
நான் நம்பவில்லை.

செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்திருந்த
தில்லைக்கரசி
காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
"கூண்டு ஏத்தின அன்னிக்கு
நீங்கதானே போட்டீங்க."

ஆமாம்.
துறைமுகத்தில் எட்டாம் நம்பர் கூண்டு.
கரண்ட் இல்லை. அவளுக்கு ஒன்பதாம் மாதம்.
ராத்திரி வலி கண்டால்
ஜிப்மர் வரை வண்டி எங்கேயும் நிற்கக் கூடாது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
புது ப்ளக் மாட்டினேன்.
இரண்டைச் சரியாகத்தான்.
மூன்றாவதில் கை வைத்தபோது
எதிர்வீட்டு ஓடொன்று பறந்துவந்து
வண்டிக்கூரையில் விழுந்து உடைந்தது.
முழு உடம்பையும் ஸ்பேனரில் வைத்து அழுத்தினேன்.
இனி எதுவும் கழன்றுவிடக் கூடாது.

அன்றைக்கு வலி வரவில்லை.
பதினோரு நாள் கழித்து,
நல்ல வெயிலில்,
ஆட்டோவில்தான் போனோம்.

இப்போது
இடம் கொஞ்சம், வலம் கொஞ்சம்.
எண்ணெய்.
மறுபடி இடம்.
கீச்சென்று ஒரு சத்தம்.
மரை இளகினாலும் பீங்கான் முறிந்தாலும்
முதலில் ஒரே சத்தம்தான்.
அவள் பிடித்த வெளிச்சம் ஆடவில்லை.

வந்தது.
கரி பிடித்த நுனி.
மரையில் மயிரிழையாய்ச் சுற்றிக்கொண்டு
தலையின் அலுமினியம் கொஞ்சம்.

புதியதை விரலால் திருகினேன்,
விரல் தானே நிற்கும் வரை.
அதற்கு மேல் அரைச் சுற்று.
மணிக்கட்டு இன்னும் கேட்டது.
"போதும்" என்றாள்.

கமாலுதீனுக்கு
இன்னும் போன் போடவில்லை.

திங்கட்கிழமை ஆபீசில்
என் தண்ணீர் பாட்டிலை வாங்கிய ஞானசௌந்தரி மேடம்
மூடியோடு கொஞ்சநேரம் மல்லாடிவிட்டுக்
குடிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.