அடி தெரிகிறது

வியாழக்கிழமை, ஒன்பதே கால்.
எப்ரோ கடலைத் தொடுகிற இடத்தில்
படகை நிறுத்துகிறார் பதிஸ்தே.
கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டைக்
கயிற்றில் கட்டி இறக்குகிறேன்.
எந்த ஆழத்தில் தட்டு மறைகிறதோ
அதுதான் நீரின் தெளிவு.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு மீட்டர். தெரிகிறது.
இரண்டு. தெரிகிறது.
உல்லாசப் படகு ஒன்று எங்களைக் கடக்கிறது.
"கண்ணாடி மாதிரி!" என்று
யாரோ படம் எடுக்கிறார்கள்.

தெளிந்த வானம், தெளிந்த கையெழுத்து,
தெளிந்த புத்தி என்று பழகிய நாக்கு.
இங்கே தெளிவு என்பது
வந்து சேராத மண்.

மெகினென்சாவில் ஓர் அணை, ரிபா-ரோஜாவில் ஓர் அணை.
பிரனே மலைகள் அனுப்பிய வண்டலை
சுங்கச்சாவடி போல இறக்கி வைத்துக்கொள்கின்றன.
ரசீது கிடையாது.
நூறு மூட்டை கிளம்பினால்
ஒன்று வரலாம்.

மோராவில் வெளிச்சம் ஆற்றின் அடிவரை போய்
பூண்டு காடாக மண்டிவிட்டது.
அதில் பிறந்த கறுப்பு ஈக்கள்
என் அத்தை மகளின் கல்யாணத்தில்
பெண்ணின் கணுக்காலைக் கூட விடவில்லை.
இங்கே பூதாத் தீவின் பழைய கலங்கரை விளக்கம்
கடலுக்குள் கிடக்கிறது.
அது நடந்து போகவில்லை,
கரைதான் பின்வாங்கியது.

"கலங்கிய நீரில் மீன் பிடிக்கிறவன் என்று
திட்டுவார்களே, அது நான்தான்" என்கிறார் பதிஸ்தே.
"இப்போது விலாங்குக்கு
வலையின் ஒவ்வொரு கண்ணும் தெரிகிறது.
படகில் குனிந்து நிற்கும் என் மூஞ்சியும்."

மூன்று மீட்டர். மூன்றரை.
கயிறு தளர்கிறது.
தட்டு தரையில் கிடக்கிறது,
வெள்ளைக் கால்வாசி பளீரென்று,
பக்கத்தில் போன மாதம் அவர் தவறவிட்ட
சாவிக்கொத்து.
மறைந்த ஆழம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவது?

அவர் நீண்ட கழியை எடுத்து
அடியைக் கிளறுகிறார்.
ஒரு கைப்பிடி புகை எழுகிறது,
பழுப்பாக, ரொட்டி மாவின் நிறத்தில்.
தட்டு போயிற்று. சாவியும் போயிற்று.
"இப்போ எழுது, சிந்தா."

நான் பென்சில் தேடுவதற்குள்
அந்தப் புகை நகரத் தொடங்கிவிட்டது.
கடலுக்கு அல்ல.
ஆற்றின் அடியில் ஊர்ந்து ஏறும் உப்புநீர்
அதைத் தூக்கிக்கொண்டு
மெல்ல, மிக மெல்ல,
அணைகள் இருக்கும் பக்கம்
போய்க்கொண்டிருந்தது.