சுக்கான் சாப்பிட மாட்டேங்குது

சித்திரை பொறந்த மறுநாள்
விசைப்படகு எல்லாம் கரையில கட்டியாச்சு.
அறுபத்தொரு நாள் தடை.
அரசாங்கம் மீனுக்குச் சொன்னது: பயப்படாம குஞ்சு பொரி.
எங்களுக்குச் சொன்னது: பொறு.
சுக்கானுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை.

போட்டுலேயே பொறந்த நாய் அது.
வலைக்குவியலுக்கு அடியில கண்ணு தொறந்து
மொத மொத நக்கினது சங்கராவோட செதிலை.
எம் புருஷன் தேசிங்கு தூக்கிட்டு வந்து
"இது எது போட்டாலும் தின்னும்"னான்.
அப்போ எது போட்டாலும் உயிர் மீனா இருந்துச்சு,
அது யாருக்கும் தோணலை.

இப்போ ரேஷன் சோத்துல தயிரு ஊத்தி வச்சா
கிண்ணத்தைச் சுத்தி ஒரு நடை,
மூக்கால ஒரு கையெழுத்து,
அப்புறம் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கும்
சம்பந்தி வீட்டுல மரியாதை குறைஞ்ச மாதிரி.
முட்டை அவிச்சேன், மஞ்சளை மட்டும் தின்னுச்சு.
மல்லாட்டை உரிச்சுப் போட்டேன், உருட்டி விளையாடுச்சு.
கருவாட்டுத் தண்ணியில கூழ் கரைச்சேன்.
அந்தக் கூழை நாந்தான் குடிச்சேன்.
நல்லாத்தான் இருந்துச்சு.

மஞ்சக்குப்பம் மாட்டாஸ்பத்திரி டாக்டரு
பல்லைப் பாத்தாரு, ஈறை அமுக்கிப் பாத்தாரு,
"உடம்புக்கு ஒண்ணுமில்ல, திமிரு.
கால்மணி நேரம் வை, தின்னலைன்னா எடுத்துடு,
நடுவுல ஒண்ணும் குடுக்காதே"ன்னாரு.
ரெண்டு நாள் அப்படியே செஞ்சேன்.
மூணாம் நாள் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா
தேசிங்கு வாசப்படியில குந்திக்கிட்டு
ரஸ்க்கை டீயில நனைச்சு நனைச்சு ஊட்டுறான்.
"தூக்கம் வரலியா?"ன்னேன்.
"கடல் சத்தம் இருக்கு, இஞ்சின் சத்தம் இல்ல,
எப்படி வரும்"னான்.
நாய் என்னைப் பாத்துச்சு,
டாக்டருகிட்ட சொல்லிடாதேங்கற மாதிரி.

தடைக்காலத்துல எங்க கூடைக்கு வர்றது
கேரளாவுலேர்ந்து லாரியில வர்ற மீனு.
பெட்டிக்குள்ள ஐஸு, ஐஸுக்குள்ள மத்தி,
கண்ணு செவந்து,
பஸ்ஸு மாறி மாறி வந்தவங்க மாதிரி.
கழுவி, மேல ஈரச்சாக்கு போட்டு
புதுப்பாளையம் தெருவுல கூவிக்கிட்டுப் போனேன்.
அன்னைக்குச் சுக்கான் பின்னாடியே வந்துடுச்சு.

மாடி வீட்டுக் கோமளவல்லி அம்மா
வழக்கமா கேக்கறதைக் கேட்டாங்க:
"இன்னைக்குப் புடிச்சதா?"
"காலையில எறங்கினதும்மா."
எறங்கினது நிஜம்.
எதுலேர்ந்துன்னு அவங்க கேக்கலை.
பாசமா ஒரு மத்தியை எடுத்து
"இந்தா, உனக்கும் ஒண்ணு"ன்னு நாய்க்குப் போட்டாங்க.

ரஸ்க்கைத் தவிர ஒண்ணும் தொடாம வயிறு காஞ்ச நாய்.
குனிஞ்சுது. மோந்துச்சு.
என் முகத்தை ஒரு தரம் பாத்துச்சு.
மூக்கால மண்ணைத் தள்ளித் தள்ளி
அந்த மீனை மூடிடுச்சு,
சத்தமில்லாம, பொணத்தைப் பொதைக்கிற மாதிரி.
கோமளவல்லி அம்மா கதவைச் சாத்தினாங்க.
அவங்களும் சத்தமில்லாமதான்.

அடிக்கக் கையை ஓங்கினேன்.
கையில இருந்த வாடையையும் மோந்துட்டுத்
தலையைத் திருப்பிக்கிச்சு.
திரும்பற வழி முழுக்க நாங்க பேசிக்கலை.
கெடிலத்துக் கரையில கூடையை எறக்கி வச்சு
"நீ மட்டும் என்ன பெரிய கடலா?"ன்னு கேட்டேன்.
அது கொக்கைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

திருந்திட்டேன்னு நெனைக்காதீங்க.
மறுநாள் அதைக் கட்டிப்போட்டுட்டு
வேற தெருவுக்குப் போனேன்.
வியாழக்கிழமை குழு லோன்காரி வருவா,
அவளுக்கு மூக்கு கெடையாது.

ஆனி ரெண்டாம் தேதி விடியல்ல
தேசிங்கு மேல டீசல் வாடையும் உப்பும்.
கூடையில கிளிச்சை, சங்கரா, ஒரு கை காரப்பொடி,
ரெண்டு மூணு வாலு இன்னும் துடிச்சுக்கிட்டு.
ஷேர் ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கிறான்,
"விலை போயிடும் கெளம்பு"ங்கறான் தேசிங்கு.
நான் ஒரு காரப்பொடியை எடுத்துத் தரையில வச்சேன்.
சுக்கான் மோந்துச்சு.
அது வாயைத் தொறக்கற வரைக்கும்
நான் கூடையைத் தலைக்குத் தூக்கலை.