மேற்கூரையுள்ள வாகன நிறுத்துமிடம்

காடுபீசனஹள்ளியில் இரவு பத்தரை என்றால்
சொனோராவில் அதே நாள் காலை பத்து.
வெயில் அங்கே இப்போதுதான் ஏறுகிறது.
நாங்கள் அதில் துணி காயவைத்து
மடித்தும் வைத்துவிட்டோம்.

என் வேலை விடுதிகளைச் சரிபார்ப்பது.
வடமெக்சிகோ மேசை: சொனோரா, சிவாவா, தூராங்கோ.
ஐந்து நட்சத்திரங்களை மெஷினே பார்த்துக்கொள்ளும்.
எனக்கு வருவது மிச்சம்.
பெட்ரோல் பங்க் மாடியில் நான்கு அறை,
சுரங்கம் மூடிய ஊரில் மூடாமல் நிற்கும் ஒன்று,
கடலோரம் என்று போட்டுக்கொண்டு
கடலுக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பது.

கட்டில் எத்தனை? சன்னல் உண்டா? வெந்நீர் வருமா?
ஆம், இல்லை, தெரியவில்லை.
மூன்று முறை அடித்தும் எடுக்காவிட்டால்
நிரந்தரமாக மூடப்பட்டது.
போன வாரம் மட்டும் நாற்பத்தொரு விடுதிகளை மூடினேன்.
ஒன்றின் சாவியும் என்னிடம் இல்லை.

ஸ்பானிஷ் நாற்பது வாக்கியம்,
பதினைந்து நாள் பயிற்சி, எல்லாமே கேள்விகள்.
ஆய் ஆக்வா கலியெந்தே?
பதில் சொல்லத் தந்தது இரண்டே சொல்: சீ, நோ.
சீ என்றால் அங்கே ஆம்.
பி.ஜி.யில் சொல்லிப் பழகும்போது
மேல்கட்டிலிலிருந்து ஷைனி எட்டிப் பார்த்தாள்:
"யார மக்கா இப்பிடி ஏசுக?"

மூன்று பேருக்கு ஓர் அறை, தலைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு.
கீசர் ஐந்து முதல் ஏழு வரை.
கேப் என்னை இறக்கிவிடுவது ஏழே கால்.
சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த பி.ஜி.யின் சுவர்,
ஈரச் சிமெண்டில் யாரோ கன்னடத்தில் கீறிவிட்டுப் போன 'மஞ்சு'.

ஓத்தெல் எல் மெஸ்கிதே.
அறைகள் பன்னிரண்டு, படம் ஒன்றே ஒன்று.
முற்றத்தில் ஒரு மரம்.
கமுதிக்காரிக்குத் தெரியாதா?
சீமைக் கருவேலத்தின் பங்காளி.
எங்கள் பக்கம் அதை வேரோடு பிடுங்கச் சொல்லி
கோர்ட்டே உத்தரவு போட்டது.
இங்கே அதன் பேரில் நியான் பலகை,
இரவுக்கு நானூற்றைம்பது பெசோ.

மூன்றாம் முறை, கடைசி மணியில் எடுத்தாள்.
ஒப்தூலியா. மூச்சு வாங்கியது.
அவள் பேச்சு என் திரையில்
உடைந்த ஆங்கிலமாக ஓடும்; என் பேச்சுக்கு
அந்த வசதி வாங்கவில்லை கம்பெனி.

மூன்று அறைகளுக்குக் கூரை இல்லை.
வெந்நீரா? மே மாதம் வா,
பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் அதுதான் வரும்.
லாரிக்காரர்கள் அறை எடுப்பதில்லை,
மரத்தடியில் வண்டியை விட்டுத் தூங்குவார்கள்,
முப்பது பெசோ, அதில்தான் ஓடுகிறது.
பிறகு கேட்டாள்:
நீ தங்கியிருக்கிற இடத்தில் சன்னல் இருக்கா?

நாற்பது வாக்கியத்தையும் ஓட்டிப் பார்த்தேன்.
சீ, என்றேன்.
மஞ்சுவைச் சொல்ல ஸ்பானிஷ் இல்லை.
வெந்நீர்?
நோ.
சிரித்தாள், இல்லை லைன்தான் இரைந்ததோ.

படிவத்தில் நீச்சல் குளம் இருக்கிறது,
இஸ்திரிப் பெட்டி, நாய்க்கு அனுமதி, எல்லாம் இருக்கிறது.
நிழல் இல்லை.
தேடித் தேடிக் கிட்டத்தில் வந்தது
'மேற்கூரையுள்ள வாகன நிறுத்துமிடம்'.
டிக் அடித்தேன்.
பின்னால் நின்று பிரகலாத் சொன்னான்,
பதினோரு நிமிஷம். நாலைத் தாண்டக்கூடாது.

ஆறு வாரம் கழித்து ஒரு புகார்,
எர்மோசீயோவிலிருந்து தக்காளி ஏற்றிப் போனவன் எழுதியது:
'கூரை என்று போட்டிருக்கிறார்கள். பொய்.
மரம்தான் இருக்கிறது.
கண்ணாடி முழுக்க நெற்றும் பிசினும்.
ஏழு மணி நேரம் தூங்கினேன்.'

பிழை உறுதி. எனக்கு ஒரு புள்ளி கழிவு.
மேற்கூரை: இல்லை என்று மாற்றிவிட்டுக் கிளம்பினேன்.

ஏழே கால். கீசர் அணைந்திருந்தது.
ஷைனி வேலைக்குப் போயிருந்தாள்.
குளிக்காமல், சன்னலைத் திறந்து போட்டு,
மஞ்சு பக்கம் தலைவைத்துப் படுத்தேன்.