பன்னிரண்டுக்கு எட்டு

கருங்கல் முக்கில், ராத்திரி ஒன்பதரை.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தார்கள் ஏழு பேர்.
செம்மண்விளைக்காரர்களாம்.

ஆன்றோஸ் மேஸ்திரியையும் பால் சொசைட்டி சுயம்புவையும்
ஒரே பெஞ்சில் நான் கண்டதில்லை.
ஓடைத் தண்ணிக்கு ஒன்பது வருஷமாய்
இரணியல் கோர்ட்டில் கேஸ்.

பஸ் ஸ்டாப் போர்டில் யாரோ தார் பூசிவிட்டான்.
அவ்வளவுதான் காரியம்.
'விளை' மட்டும் மிச்சம்.
தார் காய்வதற்குள் கேஸ் காய்ந்துவிட்டது.

"எழுது பிள்ளே: நாம் யாரென்று காட்டுவோம்."
தட்டினேன்.
பிரிஜின் திரையில் விரலை வைத்தான்.
"நாம் வேண்டாம். நாங்கள்னு போடு.
வாசிக்கப்போறது அவனுவளாக்கும்."
ரெண்டெழுத்து போய் நாலெழுத்து வந்தது.
இடம் பத்தவில்லை,
எழுத்தைச் சின்னதாக்கினேன்.

"கலர் என்ன கொடுக்க?" என்று கேட்டுவிட்டேன்.
ஏழு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.
கலர் இல்லாமலா இத்தனை நாள்
பெண் கொடுத்தோம், பிணம் தூக்கினோம் என்பது போல.
நல்ல கலரெல்லாம் ஏற்கெனவே ஆளெடுத்துப் போயாச்சு.
மெஷினில் மஞ்சள்தான் கூடுதல் கிடந்தது.
காட்டினேன்.
"ஆமா, மஞ்சள்தானே பண்டே நமக்கு" என்றார் மேஸ்திரி.
சுயம்பு தலையாட்டினார்.
அவருக்கும் ஓர்மை வந்துவிட்டது.

பின்னணிக்கு ஒரு கூட்டம் வேண்டும்.
பெரிய கூட்டமாய், கோபமாய்.
முந்தாநாள் தாழக்கோணத்துக்கு அடித்த ஃபைலைத் திறந்தேன்.
எந்த ஊர்க் கொடியேற்றமோ, யாருடைய தலைகளோ.
இடதை வலதாக்கினேன்.
ஊதாவைக் கழுவி மஞ்சள் விட்டேன்.
"நம்ம பயலுவதான்" என்றான் பிரிஜின்,
ஒருத்தனை அடையாளமும் கண்டான்.
ராத்திரி வேலைக்கு முந்நூறு கூட வாங்கினேன்.

சனிக்கிழமை தேங்காய்ப்பட்டணம் பஸ்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.
இங்கே வலது கையை ஓங்குகிறவன்
அங்கே இடது கையை ஓங்குகிறான்.
அதே கை, அதே கறுப்புக் கயிறு.
கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.
"இறங்குங்க, இறங்குங்க" என்று விசிலடித்தார்.

என் பக்கத்து சீட்டுப் பெண்
மீன் வாங்கிக்கொண்டு தாழக்கோணம் போகிறவள்,
ஜன்னலைப் பார்த்தாள்,
பிறகு தன் மஞ்சள் சுரிதாரைப் பார்த்தாள்.
காலடியில் கிடந்த பையை எடுத்து
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
இறங்கினாள்.